அஞ்சரை மணி விசில்

"உங்க பி.டி. டீச்சருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா, தெரியாதா மேடம்?"

அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்துவிட்டார் அந்த லிஃப்ட் மெக்கானிக்.

"முதல்ல உட்காருங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

"உட்காரவா வந்தேன்? பத்தாவது படிக்கிற பொண்ணு. வாலிபால் பயிற்சி அஞ்சரைக்கு முடிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கூப்பிட வர்றப்ப ஆறரை. அப்பவும் ஆடிக்கிட்டே இருக்காங்க! நான் ஹாரன் அடிச்ச பிறகுதான் டீச்சர் விசிலே ஊதறாங்க. அப்புறம் பையைத் தேடி, தண்ணி குடிச்சு, ஒருத்திக்கு ஒருத்தி டாட்டா காட்டி... நான் கேட்ல கால் கடுக்க நிக்கணும்."

"எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

"அஞ்சு நிமிஷம்!"

ஏதோ அஞ்சு வருஷம் மாதிரி சொன்னார். கையில் வண்டிச்சாவி சுழன்றுகொண்டே இருந்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

செல்போன் அடித்தது. "ஆள் யாரும் உள்ளே மாட்டலையே? அப்போ இதோ, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று வைத்தார். அவருடைய பத்து நிமிஷத்துக்கு முக்கால் மணி நேரம் என்று அர்த்தம். ஊருக்கே தெரியும்.

"என் பொழப்பு இப்படி மேடம். எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா, அந்தரத்துல தொங்குடான்னு விட்டுட்டு வர முடியுமா? அதனால நான் லேட்டு. இவங்களுக்கு என்ன கேடு? நானும் தினமும் கத்திப் பார்த்துட்டேன். ‘மன்னிச்சுக்குங்க சார், இழுத்துடுச்சு’ன்னு ஒரே பாட்டு."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"புகார். அந்த டீச்சரை இந்த டீமை விட்டே எடுக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க, மேலதிகாரியைப் பார்த்துக்கறேன்."

"சனிக்கிழமை மேட்ச் இருக்கு. இப்போ அவங்களை எடுத்தா டீமே கலைஞ்சுடும். உங்க பொண்ணுதான் கேப்டன், ஞாபகம் இருக்கா?"

"யாரா இருந்தா என்ன? நேரம்னா நேரம்தான்."

தலைமையாசிரியை தாளைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம்.

"இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க. எந்த கேட் வழியா வந்தீங்க?"

"உங்களைப் பார்க்கணும்னு முன் கேட்ல வந்தேன். எப்பவும் பக்கத்து கேட்தான். ஏன்?"

"அப்போ அவங்க உங்களைப் பார்க்கலை. ஜன்னல்கிட்ட வாங்க. சத்தம் போடாதீங்க."

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற ஆசையோடு எட்டிப் பார்த்தார்.

மைதானத்தில் யாரும் ஆடவில்லை. பந்து கூடையில் கிடந்தது. பிள்ளைகள் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஒருத்தி பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியே போயிருந்தாள். எல்லாரும் ‘கொக்கு’ என்று கூப்பிடுகிற உயரமான பெண் மட்டும் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன மேடம், ஆட்டத்தையே காணோம்?"

"முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு. தினமும் டாண்ணு அஞ்சரைக்கு விசில் ஊதிடுவாங்க."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வீட்டுக்குப் போகலை?"

அதற்குள் வெளியே ஏதோ பைக் சத்தம்.

"வந்துட்டாருடீ!" என்று கத்தினாள் கொக்கு.

அவ்வளவுதான். நோட்டுகள் பறந்தன. தூங்கியவள் ஒற்றை ஷூவோடு வலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவருடைய மகள் பந்தை எடுத்து ஓங்கி அடித்தாள். டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

பைக் நிற்காமல் போய்விட்டது.

"இல்லடி, வேற யாரோ!"

எல்லாரும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள்.

"என்ன கூத்து மேடம் இது?"

தலைமையாசிரியை ஒரு ஃபைலைப் புரட்டி நீட்டினார். நாலு மாதம் முன்னால் அவரே கொடுத்த அனுமதிக் கடிதம். அவர் கையெழுத்தேதான்.

‘பயிற்சி முடிந்த பிறகு என் மகள் ஒரு நிமிடம் தனியாகக் காத்திருந்தாலும், அன்றோடு அவளுக்கு விளையாட்டு கிடையாது.’

"அவ தனியா நின்னாத்தானே நிறுத்துவீங்க? அதான் ஒருத்தி விடாம கூட இருக்காங்க. பயிற்சி முடியலைன்னு காட்டிக்க, டீச்சர் தினமும் உங்ககிட்ட திட்டு வாங்கறாங்க."

இப்போது யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார் மனுஷன். சாவி சுழலவில்லை. வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம்.

புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நாளையிலேர்ந்து அஞ்சரைக்கு என் தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போவா மேடம். அதுங்ககிட்ட மட்டும் நான் பார்த்ததைச் சொல்லிடாதீங்க."

முன் கேட்டுக்கு வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். அங்கே கிளப்பி, பக்கத்து கேட்டுக்கு வந்து, வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

உள்ளே பந்து பறந்தது. விசில் ஊதியது. டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், இன்னிக்கும் இழுத்துடுச்சு."

"பரவாயில்லை டீச்சர். பிள்ளைங்க களைச்சுப் போயிருக்கும், வீட்டுக்கு அனுப்புங்க."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் மகள்.

"கோச்சுக்காதீங்கப்பா... ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்தீங்களா?"