விரல் அகலப் புண்

துளசிராமன் வலது கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

கங்கம்மா அதைக் கவனித்துவிட்டாள். புருஷன் தேசப்பனைப் பறிகொடுத்த ஆறாம் நாளிலும் தீப்புண் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. பதினோரு வருஷப் பழக்கம், சும்மா போய்விடுமா?

"இன்னா தம்பி கையில?"

"பால் சட்டிய எறக்கும்போது சுட்டுக்கினேன் அண்ணி. சின்னதுதான்."

அவன் தேசப்பனோடு ஒரே ஷிப்டில், ஒரே உலையடியில் எட்டு வருஷம் நின்றவன். அந்த உலையடியில்தான் போன வியாழக்கிழமை தேசப்பன் கால் வழுக்கி, கொதிக்கும் கசடுக் குழிக்குள் விழுந்தான்.

விழுந்தபோது பக்கத்தில் யாருமே இல்லை என்று ஆலையில் சொன்னார்கள். கங்கம்மாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் போனது அந்த ஒரு வார்த்தையால்தான். சாவு ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசி நேரத்தில் அந்த மனுஷன் கையை நீட்டியிருப்பான், பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்று நினைத்து நினைத்து ஆறு நாளாக மருகிக்கொண்டிருந்தாள்.

கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வாசலில் பழைய பெயிண்ட் வாளியில் சோற்றுக் கற்றாழை. தேசப்பன் தினமும் முழங்கை வரைக்கும் பொறி பட்ட புள்ளிகளோடுதான் வீடு வருவான். மஞ்சள் களிம்பு போட்டால் மறுநாள் ஆலை கேட்டில் நிற்கிற சூப்பர்வைசர் கறையைப் பார்த்து, புண் ஆறின பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். கற்றாழை நிறம் காட்டாது.

அதனால் அந்த வரிசை வீடுகளிலிருந்த உலைக்காரர்கள் எல்லோரும் மடல் கேட்டு இங்கேதான் வந்து நிற்பார்கள். தேசப்பன் ஆஸ்பத்திரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதில் பெருமை வேறு. டாக்டரம்மா, எனக்கு மட்டும் பெரிய மடலாப் போடு என்று அவளை வம்புக்கு இழுப்பான்.

அறுத்து அறுத்துச் செடி எப்போதும் மொட்டையாகத்தான் நிற்கும்.

இப்போது மடல்கள் திரண்டு கொழுத்திருந்தன. சாவு வீட்டு வாசலில் வந்து எவன் மடல் கேட்பான்? செடியைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒன்றை அறுத்து, மஞ்சள் பால் வடியட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தாள். அது பட்டால் அரிக்கும். வடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து தெருமுனை தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை காலை அங்கேதான் அவள் ஓடிப்போய் ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட மாப்பிள்ளை வாட்சை தேசப்பன் டி.வி. மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தான். ஸ்டீல் செயின் வாட்ச். உலைக்கிட்ட சூடாவுது புள்ள என்று அவன் சொல்லாத நாளில்லை. எங்கப்பா போட்டதுன்னா உனக்கு அவ்ளோ இளக்காரமா என்று அவள் கேட்காத நாளும் இல்லை.

ஆட்டோவுக்குள் இருந்தபடியே சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். அவளே மாட்டி, கொக்கியை அழுத்திவிட்டாள். அவனைக் கடைசியாகத் தொட்டது அப்போதுதான்.

மடலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். துளசிராமன் கையை நீட்டவில்லை. அவளே இழுத்துத் துண்டை அவிழ்த்தாள்.

சின்னப் புண்தான். உள்ளங்கைக்குக் குறுக்கே, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டைக்குள் குட்டிக் குட்டியாகக் கட்டங்கள், செங்கல் வரிசை மாதிரி.

எந்தப் பால் சட்டியும் இப்படிச் சுடாது.

மடலின் குளிர்ந்த சோற்றை வைத்து மெல்லத் தடவினாள். அவன் தோள் குலுங்கியது.

"ஓடியாந்து கைய புடிச்சேன் அண்ணி. இன்னான்னே தெர்ல, நெருப்பா சுட்டுச்சி. உட்டுட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு உங்கிட்ட சொல்வேன்?"

தனியாகச் சாகவில்லை. ஒரு கை பிடித்திருக்கிறது. ஆறு நாளாக அடைத்திருந்த மூச்சு அவளுக்குள் மெதுவாக இறங்கியது.

இறங்கின மூச்சு பாதியில் நின்றது.

அந்தக் கட்டங்களை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பல்பொடி தொட்டு, பழைய பிரஷ்ஷால் செயினை ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான்.

சுட்டது எது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. சொன்னால் அவன் பாரம் பாதியாவது இறங்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, துண்டை எடுத்து அவன் கையில் மறுபடியும் சுற்றிவிட்டாள்.

அவன் எழுந்தான். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மறுபடி வா என்று வீட்டுக்காரர்களும் கூப்பிடுவதில்லை. தலையைக் குனிந்தபடி வாசல் வரைக்கும் போய்விட்டான்.

கங்கம்மா மிச்சமிருந்த பாதி மடலைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள்.

"நாளைக்கும் வா தம்பி. தெனமும் வா. தழும்பே தெரியாம ஆக்கிடலாம்."