ஆயில் சீல்

கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டி போகிற லைனுக்கு இந்தப் பக்கம், ஒரு சந்துக்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்களாம். ராஜா ராணி இல்லை. பிராங்கிளினுக்கு எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. அவன் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது மெர்லினுக்கு வேலை. குதிரைக்குப் பதிலாக ஒரு பைக் இருந்ததாம்.

அந்தப் பைக்கின் முன் சக்கரம் இன்றைக்கு வாசலில் தனியாகக் கிடந்தது.

"இன்னாய்யா இது? மத்தியானம் ஷிப்டுக்கு இதுலதானே போவணும்?"

"அதுக்குள்ள மாட்டிடுவேன்."

"செல்போனுல வீடியோ பாத்தா?"

"பாத்துதான்."

ஆயிலை அடைக்கிற ரப்பர் வளையமான சீல் விட்டுப்போய், முன் ஃபோர்க்கில் ஆயில் ஒழுகி பிரேக் டிஸ்க் எல்லாம் வழிந்திருந்தது. நேற்று டோல்கேட் அருகே பிரேக்கை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதாமல் தப்பியது பெரிய விஷயம். அதை அவனே சொன்னான். சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மெக்கானிக்கு திருமுருகன் அண்ணன் போன மாசம் போட்ட சீலுதானே? அவராண்ட உட்டா காசு கூட வாங்க மாட்டாரு. இந்தத் தெருவு வண்டி அத்தினியும் அங்கதான் போவுது. உனக்கு மட்டும் இன்னா?"

"நானே போட்டுக்கறேன்."

"டிரெய்லருங்க நடுவுல போறவன் நீ. வெளாட்டா கீதா?"

பிராங்கிளின் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிப் பழைய சீலைப் பெயர்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"இன்னா நைனா, புதுக் கடை தொறந்துகினியா? சொல்லியிருந்தா ரிப்பன் வெட்ட வந்திருப்பேன்."

திருமுருகன்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"தள்ளு, நான் போடறேன்" என்று குந்தி உட்கார்ந்து கை நீட்டினார்.

பிராங்கிளின் ஃபோர்க் குழாயை மடிக்குள் இழுத்துக்கொண்டான். "வேணாண்ணே."

"இன்னா வேணாம்? என் கையில சொறியா கீது?"

"காலம் அப்பிடி, முருகா" என்றாள் ஃப்ளோரன்ஸ். "செல்போனப் பாத்து ஆபரேஷனே பண்ணுவானுங்க."

மெர்லினுக்கு மானம் போயிற்று. அதைவிட பயம் பெரிதாக இருந்தது. "அது கெடக்குது அண்ணே. நீங்க போடுங்க. மத்தியானம் வண்டிய எடுக்கணும்."

திருமுருகன் மறுபடி கை நீட்டினார். பிராங்கிளின் குழாயைத் தரவில்லை. பழைய சீலை அந்தக் கையில் வைத்தான்.

"திட்டாதண்ணே. புதுச தலைகீழா போட்டு அடிச்சிட்டேன். ஸ்பிரிங் பக்கம் கீழ போவணும், மேல போட்டுட்டேன். இப்பதான் நோண்டி எடுத்தேன்."

ஃப்ளோரன்ஸ் சிரித்தாள். திருமுருகன் அவளைவிட உரக்கச் சிரித்தார். "கண்ணு பொடனியிலயா கீது உனக்கு?"

"கண்ணுதாண்ணே பேஜாரு. கிட்ட கீறதெல்லாம் மசமசன்னு தெரியுது. நாளைக்கு ராயபுரத்துல கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். தனியா போவ பயமா கீது. தொணைக்கு வாயேன்."

மெர்லின் வாயைத் திறந்தாள். புதுச் சீல்கள் பாக்கெட் கூடப் பிரிக்காமல் அவள் காலடியில் கிடந்தன. அவர் கையில் இருப்பது, கொஞ்சம் முன்னால் அவள் கண்ணெதிரே வண்டியிலிருந்து பெயர்த்த, போன மாதம் அவரே போட்ட சீல்.

வாயை மூடிக்கொண்டாள்.

திருமுருகன் சீலைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். கடைசியில் கட்டைவிரலால் உள்வட்டத்தைத் தடவினார். ஒரு மாதத்து ரோட்டுப் புழுதி கறுப்பாக விரலில் ஒட்டியது.

சிரிப்பு நின்றது.

விளையாட்டு முடிந்தது என்று ஃப்ளோரன்ஸ் குடத்தோடு உள்ளே போனாள். திருமுருகன் சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"புதுச நீயே போடு. நான் குழாயப் புடிச்சிக்கறேன்."

இரண்டு கையாலும் அழுந்தப் பிடித்துக்கொண்டார். பிராங்கிளின் ஸ்பிரிங் பக்கத்தைக் கீழே வைத்து, மேலே பிவிசி பைப் துண்டை நிறுத்தி, மெல்லத் தட்டினான். சத்தம் மாறியது.

"உக்காந்துடுச்சு. அடுத்தது."

அதுவும் உட்கார்ந்தது. திருமுருகன் எழுந்தார்.

"டிஸ்க்க நல்லா சோப்பு போட்டுக் கழுவும்மா. பிரேக் பேடு ஆயில் குடிச்சிருக்கும், கடையில புதுசு கீது, எடுத்துக்க. இன்னாபா, நாளைக்கு டோக்கன ரெண்டா போட்டுடு."

"ரெண்டாண்ணே?" என்றாள் மெர்லின், தெரியாதவள் போல.

அவர் கடைப் பக்கம் திரும்பவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"யக்கா, உன் புள்ள வண்டிக்கும் போன மாசம் நான்தான் சீல் போட்டேன். இன்னிக்கு எடுக்க வேணான்னு சொல்லு."

"ஏன் முருகா?"

"எனக்குக் கண்ணு தெரியலக்கா" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்காரனைத் தேடி நடந்தார்.