வுண்டுவின் விலாவில்

கரீபா ஏரிப் போட்டியில், பிடித்த மீன் உயிரோடு தண்ணீருக்குத் திரும்பினால்தான் பரிசு. அன்று காலை லுயாண்டோவின் தூண்டிலில் சிக்கியது, அவள் உயரத்தில் பாதியிருந்த ஒரு வுண்டு கெளுத்தி. பிறந்ததிலிருந்து அவள் பிடித்த முதல் மீன்.

“கையை நனைச்சுக்கோ! காஞ்ச கையால தொட்டா அதோட வழவழப்பு உரிஞ்சுடும்!” என்று கணவன் மவீம்பா கத்தினான்.

“ஒரு மீன்குஞ்சுகூடப் பிடிக்காதவர் பாடம் நடத்துறார் பாரு!”

கையை நனைத்து, வயிற்றைத் தாங்கி, ஈரச் சாக்கில் மீனைக் கிடத்தினாள். தூண்டில் முள்ளைக் கழற்றும்போதுதான் கவனித்தாள். விலாவில் வெளுத்துப்போன ஒரு கைத்தடம். ஆறிப் பல வருடம் ஆன தடம். அதன் சுண்டுவிரல் கோணியிருந்தது. தன் கையை அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. படகுக் கயிற்றில் சிக்கி அவள் சுண்டுவிரல் கோணியது போன மாதம்தான்.

“அடிப்பாவி, எனக்குத் தெரியாம எப்போ ஏரிக்கு வந்தே?” மவீம்பா விழுந்து விழுந்து சிரித்தான்.

மீன் துவண்டிருந்தது. அதைத் தண்ணீரில் இறக்கி, இரண்டு கையாலும் தாங்கியபடி காத்திருந்தாள். மெல்லச் செவுள் அசைந்தது. வால் ஒருமுறை ஓங்கி அடிக்க, கையிலிருந்து வழுக்கிப் புறப்பட்டது. அடுத்த படகிலிருந்த நடுவர் விசில் ஊதினார். கணவனும் மனைவியும் படகு ஆட ஆடக் கத்தினார்கள்.

அப்போது மீன் நீர்மட்டத்தில் புரண்டு மறுபக்கத்தைக் காட்டியது. அந்த விலாவிலும் ஒரு தடம். தவழும் குழந்தையின் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

கல்யாணமாகி ஏழு வருடம். வீட்டில் இன்னும் அவர்கள் இருவர்தான்.

மீன் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் மவீம்பா.

“அஞ்சு விரலும் இருந்துச்சில்ல?” என்று கேட்டான்.

“இருந்துச்சு,” என்றாள் லுயாண்டோ. “எண்ணிட்டேன்.”