தெரிந்த முகம்

அறுவைச் சிகிச்சை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, அபிரூபாவை நன்கறிந்த சர்ஜன் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. அப்பா படுத்த படுக்கையானபோது அவள் பாதியில் விட்டுவந்த கல்லூரியின் பேராசிரியர், "எங்கள வேணாம்னு போனவளுக்கு நான் என்னம்மா எழுதுறது?" என்று போனை வைத்துவிட்டார். மாறி வந்த கல்லூரியில் டாக்டர் மாசிலாமணியின் அறைக்குப் போனாள். படித்த நாளெல்லாம் ஆபரேஷன் மேசையில் அவருக்கு எதிரே நின்று, கீறிய வயிற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவர் நிமிர்ந்து, "யாரும்மா நீ?" என்றார். பெயரைச் சொன்னாள், எந்த வருடம் என்று சொன்னாள்; அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அட, நீயா! மணிக்கணக்கா புடிச்சாலும் ஆடாதே உன் கை!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே தாளை இழுத்து, 'இவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும்' என்று எழுத ஆரம்பித்தார். அவளுக்குக் கண் நிறைந்தது. மாஸ்க்கைக் கழற்றக் காதோரம் கையைக் கொண்டுபோனாள்.

"ஆமா, பேரு என்னன்னு சொன்ன?"

கையை இறக்கிக்கொண்டாள். மாஸ்க்குக்குள் இருந்தபடியே இன்னொரு முறை சொன்னாள்.