படத்தில் இருவர்

மாம்புரி வீட்டின் அறைக்கதவைத் தாளிட்டுவிட்டு, ஷிம்லா அவசரமாகக் கைப்பேசியில் ‘என்னை நிரந்தரமாகத் தடை செய்’ என்பதை அழுத்தினாள். சூதாட்டக் கணக்கு அவள் பெயரில் இருந்தது. ஆடியது கணவன் அர்கம். படகின் இன்ஜின் ஏற்கனவே போய்விட்டது. இன்று காலையும் கணக்கு திறந்து கிடந்தது. வீட்டில் மிஞ்சியிருந்தது மகளின் காப்பு மட்டும்தான்.

உறுதிப்படுத்த முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள்.

‘படத்தில் இருவர் இருக்கிறீர்கள். ஒருவர் விலகவும்.’

“ஒரே ஒரு ஆட்டம் புள்ள, விட்டதெல்லாம் புடிச்சிரலாம்,” என்றான் அர்கம், தோளுக்குப் பின்னால்.

“இன்ஜின விக்கக்குள்ளயும் இதத்தான் சொன்னீங்க. புள்ளட காப்பத் தொட விடமாட்டன். தள்ளுங்க!”

திரையில் அவள் முகம் மட்டும் நின்றது. அழுத்தினாள். கணக்கு மூடிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது. வெளியே அர்கமின் தங்கை அஸ்மியா.

“என்ன மதினி, எங்கட நானாவ அடக்கிட்டு இத்தாவில இருந்துகொண்டு ஆம்பிளையோட கதைக்கிறீங்க? குரல் குசினி வரைக்கும் கேக்குது!”

“வேற ஆருமில்ல, உங்கட நானாதான்,” என்றாள் ஷிம்லா. “கபுறுல வெச்ச பொறகும் ஆடணுமாம். ஏலாதெண்டு சொல்லிட்டன்.”