கூடுதலாக ஒரு பொம்மை

"இன்னொரு பொம்மை வேணும், சிஸ்டர்."

குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுத்தரும் வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. தாமதமாக வந்து கடைசி மேசையில் நின்றவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். பக்கத்தில் மனைவி இல்லை.

"ஒரு ஜோடிக்கு ஒரு பொம்மைதான் தம்பி," என்றார் நர்ஸ். "முதல்ல உங்க ஜோடி எங்கே?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. எங்களுக்கு ரெட்டைப் பிள்ளை."

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன் மேசையில் நின்ற கர்ப்பிணியான பள்ளிக்கூட டீச்சரின் கணவர் மட்டும் திரும்பவில்லை. அவர் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு பழைய பொம்மையை எடுத்து வந்தார். "ரெட்டைன்னு எப்போ தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரம்தான் ஆகுது, ஏழாம் மாசம் பொறந்ததும். தாங்க முடியாத தலைவலின்னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே ஸ்கேன் எடுத்தப்பதான் ரெண்டுன்னு சொன்னாங்க. முன்னாடி பார்த்தப்போ ஒண்ணு இன்னொண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்திருக்கு."

"ஏழாம் மாசத்துல இப்படி ஒரு குண்டைப் போட்டா எப்படி?" என்றார் டீச்சர். "வீட்டுல எல்லாம் ஒண்ணு ஒண்ணுதானே வாங்கி வச்சிருப்பீங்க?"

"ஆமாம்மா. இப்ப ஒவ்வொண்ணா ரெண்டாக்கிட்டிருக்கேன். கம்பளிச் சட்டை மட்டும் அவ ஒண்ணுதான் பின்னி முடிச்சிருந்தா. கடையில அந்த மஞ்சள் நிறம் கிடைக்கலை."

"படுத்துக்கிட்டே இன்னொண்ணு பின்னச் சொல்லுங்க அண்ணா. பொழுதும் போகும்."

அவர் தலையாட்டினார்.

நர்ஸ் வெந்நீர்த் தொட்டியில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துக் காட்டினார். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். பிறகு பொம்மையின் கழுத்துக்கடியில் கையை நுழைத்துத் தூக்கினார். தலை கொஞ்சமும் ஆடவில்லை.

"கை அழகா உட்காருதே," என்றார் நர்ஸ்.

"கண்ணாடி தூக்கிப் பழகின கை. ஆனா கண்ணாடியை நாங்க ரெண்டு பேராத்தான் தூக்குவோம்." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு பிள்ளையையும் ஒரே ஆள் குளிப்பாட்டணும்னா எப்படி சிஸ்டர்?"

"எதுக்கு ஒரே ஆளு? ஒண்ணு நீங்க, ஒண்ணு அவங்க."

"இல்ல, ஒரே ஆளா இருந்தா?"

நர்ஸின் முகம் இளகியது. "நீங்க வேலைக்குப் போனப்புறம் அவங்க தனியாத் திண்டாடுவாங்களேன்னு கேக்குறீங்க. சரி, சொல்றேன்."

டீச்சர் கணவரின் விலாவில் ஒரு இடி இடித்தார். "கேட்டீங்களா? இப்படியும் மனுஷங்க இருக்காங்க."

"நான் பொம்மையை நேராப் புடிச்சிட்டேன் பாரு," என்றார் கணவர்.

குளிக்காத பிள்ளை கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், உருண்டு விழாத இடத்தில் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். கண்ணாடிக்காரர் அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பவுடர் பாலை எந்த அளவில் கலக்குவது என்றும் கேட்டார்.

"அதுக்குள்ள பவுடரா? ரெண்டுக்கும் தாய்ப்பாலே போதும். பிள்ளைங்க குடிக்கக் குடிக்கத் தானா ஊறும். அவங்ககிட்ட தைரியமா இருக்கச் சொல்லுங்க."

"பவுடரையும் சொல்லிடுங்க சிஸ்டர்."

நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவைச் சொன்னார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா நல்லதுன்னு சொல்லுங்க அண்ணா," என்றார் டீச்சர்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அங்க இருக்கிற நர்ஸுங்களே திருப்பிப் படுக்க வைக்கிறாங்க."

"கொடுத்து வச்சவங்க. எங்க வீட்டுல நான் திரும்பணும்னா முதல்ல இவரைக் கட்டிலை விட்டு உருட்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். அவர் போகவில்லை. ஒன்றைக் குளிப்பாட்டித் துடைத்துக் கிடத்தினார். இரண்டாவது பொம்மை கை நழுவித் தொட்டிக்குள் முகம் குப்புற விழுந்தது. பதறி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டை முழுக்க ஈரம்.

"பொம்மைதானே தம்பி. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, பழகிடும்."

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பண்ணி எடுக்கிறாங்க சிஸ்டர். அதுக்கு மேல தாங்காதாம்."

நர்ஸ் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். இத்தனை வருடத்தில் இப்படிப் பயந்து போன அப்பாக்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

"குறை மாசத்துப் பிள்ளைங்க எத்தனையோ நல்லா வளர்ந்திருக்கு. டாக்டர் சரின்னதும் ரெண்டையும் அவங்கம்மா நெஞ்சு மேல படுக்க வைக்கச் சொல்லுங்க. அந்தச் சூடு வேற எதுலயும் கிடைக்காது."

அவர் நோட்டைத் திறந்து அடுத்த எண்ணைப் போட்டார். "எவ்வளவு நேரம் படுக்க வைக்கலாம்?"

"அதுக்கெல்லாமா கணக்கு? அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

பேனா அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"அவ போயிட்டா சிஸ்டர். பிள்ளைங்களுக்காகத்தான் மெஷின்ல மூச்சு ஓடுது."