வாட்ச் பிடித்த துரை

"நமக்கு உதவுமா?" என்ற ஐந்தாவது வரியில் பரமசிவனின் பேனா நின்றுவிட்டது.

மற்ற நாலு வரியும் எழுதியாகிவிட்டது. எங்கே செய்தார்கள், என்ன செய்தார்கள், எப்படி அளந்தார்கள், என்ன கண்டார்கள்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஆராய்ச்சிப் பண்ணையின் நூலகத்தில் அவனுக்கு இதுதான் வேலை. உலகத்தில் யார் தேயிலையைப் பற்றி எழுதினாலும் கட்டுக்கட்டாக இங்கே வந்து இறங்கிவிடும். படித்து, கட்டுரைக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஐந்து வரி என்று இங்கிலீஷில் சுருக்கிக் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால் விஞ்ஞானி ஆறுச்சாமி எதையும் படிக்க மாட்டார். மேசையில் பத்திரிகைகள் மலையாகக் குவிந்த காலத்தில், வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கே போய்விடலாமா என்று யோசித்த மனிதர். இப்போது அட்டையோடு சரி. அதிலும் ஐந்தாவது வரியைத்தான் முதலில் பார்ப்பார்.

இன்றைய கட்டுரை சிலோனிலிருந்து வந்தது.

ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள் கையால் களை எடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரே ஓர் ஆள் களைக்கொல்லி மருந்து அடித்தான். நேரத்தைக் கணக்குப் பார்த்ததில் மருந்து ஆள் பெண்களை ஊதித் தள்ளிவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே, பண்ணையின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பரமசிவனின் மனைவி சின்னம்மை குந்தியிருந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். தற்காலிக வேலைதான். அட்டையில் 'உதவும்' என்று எழுதினால் அவளுக்கும் அவளோடு இருக்கும் பெண்களுக்கும் அதுவும் போய்விடும். ஆறுச்சாமி நல்லவர். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

பேனா நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை.

கட்டுரையில் எஸ்டேட்டின் பெயர் இருந்தது. வருஷமும் இருந்தது. அந்த வருஷம் அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பரமசிவன் வாத்தியார். சின்னம்மை அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாளைப் பற்றிச் சின்னம்மை சொல்லாத வீடு தொழிலாளர் லயத்து வரிசையில் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். தொப்பி போட்ட துரை ஒருத்தன் கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு மலையில் வந்து நின்றானாம்.

வாட்சைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எஸ்டேட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு வேகமாகச் செய்துவிட்டால் மறுநாளிலிருந்து அதையே அளவாக வைத்துவிடுவார்கள். முடிக்காதவளுக்கு அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். அதனால் முன்னால் நின்ற சின்னம்மை பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு புல்லாகத் தேடித் தேடிப் பிடுங்கினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பிடுங்கினார்கள்.

"தொரைய நல்லா ஏமாத்திப்புட்டோம்ல" என்று முடிப்பாள். சிரிப்பு அடங்க நேரமாகும். பரமசிவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

துரை அளவு வைக்க வரவேயில்லை, மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வந்தான் என்பது அவனுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அந்த எஸ்டேட்டில் களைக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். வேலை போன வீடுகளெல்லாம் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தன. கப்பலேறியதற்குத் தன் நேரம் சரியில்லை என்றுதான் சின்னம்மை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவன் ஐந்தாவது வரியை எழுதினான். 'சந்தேகம். கையால் எடுத்த வேகம் நம்பும்படி இல்லை.'

ஆறுச்சாமி வந்து, நின்றபடியே அந்த வரியைப் படித்தார்.

"ஏனுங்க பரமசிவன், சந்தேகம்னு உட்டுற முடியுங்களா? வெளிய பொம்பளைங்க இருக்கறாங்கல்ல, இப்பவே பாத்துப்போடலாம். நீங்க போய்ச் சொல்லுங்க, நான் மருந்தடிக்கிற ஆளக் கூட்டியாறேன்."

சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

வாட்சைக் கண்டால் மெதுவாகச் செய்வார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்படியானால் இங்கேயும் தினமும் அதுதான் நடக்கிறதா என்று கேட்பார். பரமசிவன் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சின்னம்மை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவன் கிட்டே வந்ததும் கண்ணைச் சிமிட்டினாள்.

"வாட்சு புடிக்கப் போறாகளா? நீங்க பயப்படாதீங்க. எங்களுக்குத் தெரியும்."

பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வேகமாகச் செய் என்று வெறுமனே சொன்னால் கேட்க மாட்டாள். ஆபீசில் உட்கார்ந்ததும் துரை பக்கம் சாய்ந்துவிட்டான் என்பாள்.

அவள் பக்கத்தில் குந்தினான். அட்டையைப் பார்த்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், முதல் நாலு வரியையும் தமிழில் சொன்னான். எங்கே. என்ன. எப்படி. என்ன கண்டார்கள்.

சின்னம்மையின் கையில் பிடித்த புல் பிடித்தபடியே இருந்தது. மருந்து ஆளோடு வரும் ஆறுச்சாமியின் பூட்ஸ் சத்தம் படியில் கேட்டது.

"அதுல எங்க பேரு போட்டிருக்கா?"

"இல்ல. பன்னெண்டு பொம்பளைங்கன்னுதான் இருக்கு."

"அப்ப இவளுககிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். பின்னாலிருந்த பெண்களில் பாதிப்பேர் அவளோடு கப்பலில் வந்தவர்கள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆறுச்சாமி வாட்சைப் பார்த்து "ஆரம்பிக்கலாமுங்க" என்றதும் குனிந்தவள், பிறகு தலை நிமிரவில்லை.

மற்றவர்கள் ஒரு நொடி திகைத்தார்கள். பிறகு வழக்கம்போல அவளைப் பார்த்துப் பிடுங்கினார்கள், மூச்சு வாங்க வாங்க.